மானியம் நின்ற பிறகும் நடந்த பள்ளி

(தென்னாப்பிரிக்காவின் மரியான்ஹில் புனித பிரான்சிஸ் பள்ளி பற்றி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பள்ளியின் வரலாறு என்றால் பொதுவாக நம் நினைவுக்கு வருவது பொன்விழா மலர்தான். நிறுவியவரின் படம், தலைமையாசிரியர்களின் வரிசை, புதுக் கட்டடம் எழுந்த ஆண்டு, பெரிய பதவிக்குப் போன பழைய மாணவர்களின் பெயர்கள். இன்று நான் அந்த வழியில் போகப் போவதில்லை. ஒரு பள்ளிக்குப் பணம் யார் தருகிறார்கள், அதில் படிக்கும் பிள்ளை எதுவரை படிக்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியைப் பார்க்கப் போகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்கு மேற்கே, பைன்டவுனுக்கு அருகில் மரியான்ஹில் என்ற இடத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. புனித பிரான்சிஸ் கல்லூரி என்று பெயர். ஆனால் அது ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி, விடுதியோடு கூடியது.

டர்பன் என்றதும் உங்களில் பலருக்கு நம் மக்கள் நினைவு வரும். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கிய துறைமுகம் அது. அந்தத் தோட்டங்களின் காலத்திலேயே, அதே நேட்டால் பகுதியில்தான் நான் சொல்லும் கதையும் தொடங்குகிறது. தொடங்கி வைத்தவர்கள், தேவையின்றிப் பேசுவதில்லை என்ற மௌன ஒழுங்கைக் கடைப்பிடித்த துறவிகள்.

பிரான்ஸ் ஃபான்னர் 1825-இல் ஆஸ்திரியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஃபோரார்ல்பெர்க் பகுதியில் பிறந்தவர். நடுவயதில் டிராப்பிஸ்ட் துறவியானார். டிராப்பிஸ்டுகளின் ஒழுங்கு மிகக் கடினமானது. மௌனம், ஜெபம், வயல் வேலை, புலால் இல்லாத உணவு. போஸ்னியாவில் ஒரு மடத்தை உருவாக்கி நிலைநிறுத்திய பிறகு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆயர் ரிக்கார்ட்ஸ் தம் மறைமாவட்டத்துக்குத் துறவிகள் வேண்டும் என்று கேட்டபோது, வேறு யாரும் போகாவிட்டால் நான் போகிறேன் என்று எழுந்தவர் ஃபான்னர். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. 1880-இல் தோழர்களோடு கேப் பகுதிக்கு வந்தார். டன்பிராடி என்ற இடத்தில் கொடுக்கப்பட்ட நிலம் வறட்சியில் காய்ந்தது. அங்கே நிலைக்க முடியவில்லை. 1882 டிசம்பர் கடைசியில் நேட்டாலுக்கு வந்து, பைன்டவுனுக்கு அருகில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். மரியாள், அவருடைய தாய் அன்னாள் இருவர் பெயரையும் சேர்த்து அந்த இடத்துக்கு மரியான்ஹில் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே போனதும் ஃபான்னர் ஒன்றைக் கண்டுகொண்டார். சுற்றிலும் சூலு மக்களின் குடியிருப்புகள். வாய் திறக்காமல், மதிலுக்குள் உழுது, ஜெபித்து, செத்துப்போவதற்காக இத்தனை தூரம் வந்திருக்க வேண்டியதில்லை. எனவே பள்ளி திறந்தார். ஏரும் எழுத்தும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அவர் கொள்கை. பையன்கள் காலையில் பாடம் படித்தார்கள்; மற்ற நேரத்தில் கொல்லுப் பட்டறை, தச்சுக்கூடம், தோல் பதனிடும் இடம், அச்சுக்கூடம், தேனீ வளர்ப்பு என்று ஏதாவது ஒன்றில் கைத்தொழில் கற்றார்கள்.

பெண் பிள்ளைகளை என்ன செய்வது? டிராப்பிஸ்ட் மடத்தின் எல்லைக்குள் பெண்ணுக்கு இடமில்லை. அன்றைய மிஷன்களில் பலர் இதைச் சாக்காக வைத்து ஆண் பிள்ளைகளோடு நின்றிருப்பார்கள். ஃபான்னர் நிற்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து பெண்களை வரவழைத்தார். 1885-இல் ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். சிவப்பு உடை அணிந்த அந்தப் பெண்களின் கூட்டம்தான் பிறகு திரு இரத்தச் சகோதரிகள் என்ற துறவற சபையாக வளர்ந்தது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஒரு பெண்கள் பள்ளிக்காகத் தோன்றி உலக சபையானவர்கள் அவர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மரியான்ஹில்லைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃபான்னரையும் மடத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கன்னியர்கள் ஒரு பத்தியில் முடிந்துபோகிறார்கள். அந்தக் கன்னியர் இல்லாவிட்டால் மரியான்ஹில் ஆண்கள் மட்டும் படித்த இன்னொரு மிஷன் பள்ளியாகவே இருந்திருக்கும்.

அந்தக் காலத்து நேட்டாலில் ஒரு பெண்ணுக்கு மிஷன் விடுதி என்பது படிப்புக்கான இடம் மட்டுமல்ல. பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார் மாடுகளைக் கொடுத்துத் திருமணத்தை உறுதி செய்யும் வழக்கம் அங்கே உண்டு, லோபோலா என்பார்கள். மூத்த வயதுக்காரருக்கு விருப்பமில்லாமல் நிச்சயிக்கப்பட்ட பெண்கள் வீட்டை விட்டு ஓடி மிஷன் வாசலில் வந்து நின்ற கதைகள் நேட்டால் முழுவதும் உண்டு. சூலு குடும்பங்களுக்கு இது பெரும் மனக்கசப்பை உண்டாக்கியது. மிஷன்கள் எங்கள் பெண்களைக் கலைக்கின்றன என்றார்கள். அவர்களுடைய கோபத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் போக்கிடம் ஒன்று இருந்தது என்பது அந்தப் பெண்களுக்குச் சின்ன விஷயமல்ல.

1895-இல் மரியான்ஹில்லுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அப்போது டர்பனில் வழக்கறிஞராக இருந்த, இருபத்தைந்து வயது மோகன்தாஸ் காந்தி. லண்டனில் வெளிவந்த 'தி வெஜிடேரியன்' இதழுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். துறவிகளின் மரக்கறி உணவும் எளிமையும் அவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. அதைவிட முக்கியமாக, உடலுழைப்பும் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடப்பதையும், கறுப்பின மக்களை அங்கே சமமாக நடத்துகிறார்கள் என்பதையும் அவர் பாராட்டினார். பின்னாளில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி செருப்புத் தைத்தார் என்று படித்திருப்போம். அந்தத் தொழிலை மரியான்ஹில் துறவிகளிடம் போய்க் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய நண்பர் காலன்பாக். 1910-இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. காந்தி அங்கே ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினார், தமிழும் சொல்லிக்கொடுத்தார். மரியான்ஹில்லின் தாக்கம் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் கைத்தொழிலோடு கல்வி என்ற எண்ணம் காந்தியிடம் பிற்காலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது நமக்குத் தெரியும்.

காந்தி கண்ட சமத்துவம் முழு உண்மையா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் வருகையில் கண்ணில் படாதது நிறைய இருக்கும். நிலம் மடத்துடையது; சூலு குடும்பங்கள் அதில் குடியிருந்தவர்கள். அதிகாரம் ஐரோப்பியர்களிடம்தான் இருந்தது. துறவறம் பூண விரும்பிய ஆப்பிரிக்கப் பெண்களுக்கு, வெள்ளையர் சபையில் சேர்த்துக்கொள்ளாமல், 1920-களில் தனியாக ஒரு சபை அமைத்தார்கள். அன்பு இருந்தது, பரிவும் இருந்தது. மேலே நின்று கொடுக்கிற பரிவு அது.

இதற்கிடையில் மடத்துக்குள்ளேயே பெரும் சிக்கல். பள்ளியும் மிஷனும் பெருகப் பெருக, மௌன விரதம் என்ன ஆவது? ரோமுக்குப் புகார்கள் போயின. 1892-இல் ஃபான்னரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய டிராப்பிஸ்ட் மடமாக வளர்ந்துவிட்ட மரியான்ஹில்லை விட்டு, எமாவுஸ் என்ற தொலைதூரச் சிறு மிஷனில் போய் இருந்தார் அந்த முதியவர். 1909 பிப்ரவரியில் திருத்தந்தை பத்தாம் பயஸ் மரியான்ஹில்லை டிராப்பிஸ்ட் சபையிலிருந்து பிரித்துத் தனி மிஷன் சபையாக ஆக்கினார். அதாவது, ஃபான்னர் செய்தது சரிதான், ஆனால் டிராப்பிஸ்டாக இருந்துகொண்டு செய்ய முடியாது என்று தீர்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஃபான்னர் காலமானார்.

அதன் பிறகு பள்ளி ஆசிரியர் பயிற்சி நிலையமாகவும் உயர்நிலைப் பள்ளியாகவும் உறுதிப்பட்டது. இந்தக் கட்டத்தில் முக்கியமானவர் ஜெர்மானியரான அருட்தந்தை பெர்னார்ட் ஹஸ். அவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. நல்ல வயல், நல்ல வீடு, நல்ல உள்ளம் என்பது அவர் ஊர் ஊராகச் சொல்லிவந்த முழக்கம். வேளாண்மைப் பாடநூல் எழுதினார். கந்துவட்டியிலிருந்து மக்களை மீட்கக் கூட்டுறவு வங்கிகளை அமைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் உழைத்த காலம் எது? 1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிவிட்ட காலம். கையளவு நிலத்தில் நன்றாக உழுவது எப்படி என்று கற்பித்தார் ஹஸ்; நிலம் ஏன் கையளவாகிப் போனது என்ற கேள்வியை அவர் அரசியல்வாதிகளுக்கு விட்டுவிட்டார். படித்தவர்கள் கிளர்ச்சிக்காரர்களாகிவிடக் கூடாது என்ற அச்சமும் அவரிடம் இருந்தது.

அவரிடம் உதவியாளராக இருந்த ஒரு மாணவன்தான் பெனடிக்ட் வாலெட் விலகாசி. 1906-இல் கிரவுட்வில் என்ற மிஷன் ஊரில் பிறந்து, பத்து வயதில் மரியான்ஹில்லுக்குப் படிக்க வந்தவர். 1923-இல் ஆசிரியர் சான்றிதழ் பெற்று அங்கேயே ஆசிரியரானார். மரியான்ஹில் அச்சுக்கூடம் அப்போது சூலு மொழியின் முக்கியமான பதிப்பகங்களில் ஒன்று. டிராப்பிஸ்டாக இருந்த ஆங்கிலேயர் பிரையன்ட் தொகுத்த பெரிய சூலு அகராதி 1905-இல் அங்கேதான் அச்சானது. சூலு மொழிச் செய்தித்தாளும் அங்கிருந்து வந்தது. எழுத்தும் அச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடத்தில் வளர்ந்த விலகாசியின் நாவல் 'நோமா நினி' மரியான்ஹில் அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. 1935-இல் அவருடைய கவிதைத் தொகுப்பு 'இன்கோண்ட்லோ காசூலு'வை விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் வேலைக்கும் போனார். என்ன வேலை? விரிவுரையாளர் என்ற பெயர் கிடைக்கவில்லை; வெள்ளை மாணவர்களுக்குக் கறுப்பர் விரிவுரையாளராக இருப்பதா என்று எதிர்ப்பு. மொழி உதவியாளர் என்று பெயர் வைத்தார்கள். 1946-இல் முனைவர் பட்டம் பெற்றார். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அடுத்த ஆண்டே நோயில் இறந்தார், வயது 41. தங்கச் சுரங்கத் தொழிலாளியின் குரலில் அவர் எழுதிய நெடுங்கவிதையைப் படிப்பவர்களுக்கு, ஹஸ் அரசியல்வாதிகளுக்கு விட்டுவிட்ட அந்தக் கேள்வியை அவருடைய உதவியாளரே கேட்டுவிட்டார் என்பது விளங்கும். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவில் மண்டேலாவும் டுட்டுவும் வீடு வைத்திருந்த தெருவுக்கு விலகாசியின் பெயர்தான்.

இப்போது 1953-க்கு வருகிறேன். அதுவரை தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை மிஷன்கள் நடத்தியவை. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு மானியம் தரும். நிர்வாகம் மிஷனிடம் இருக்கும். நம் ஊரில் அரசு உதவிபெறும் பள்ளிகள் நடப்பதைப் போன்ற ஏற்பாடுதான். அந்த ஆண்டு நிறைவேறிய, கறுப்பினத்தவருக்கான பாண்டு கல்விச் சட்டம் இதை உடைத்தது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட் தம் நோக்கத்தை மறைக்கவில்லை. வெள்ளையர் சமூகத்தில் சில வகைக் கூலி வேலைகளுக்கு மேல் கறுப்பர்களுக்கு இடமில்லை. கிடைக்காத இடத்துக்கான படிப்பை எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார். மிஷன்களுக்கு அரசு வைத்த வழி இரண்டு. பள்ளியை அரசிடம் ஒப்படைக்கலாம். அல்லது வைத்துக்கொள்ளலாம், ஆனால் மானியம் குறைந்துகொண்டே வந்து சில ஆண்டுகளில் அடியோடு நின்றுவிடும். ஆசிரியர் பயிற்சி நிலையங்களை மட்டும் தனியாரிடம் விட்டுவைப்பதாக இல்லை.

ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு முடிவு எடுத்தது. லவ்டேல், ஹீல்ட்டவுன் போன்ற பெயர்பெற்ற பள்ளிகள் அரசின் கைக்குப் போயின. டர்பனுக்குத் தெற்கே, பின்னாளில் விடுதலை இயக்கத் தலைவரான ஆல்பர்ட் லுத்துலி படித்து ஆசிரியராகவும் இருந்த ஆடம்ஸ் கல்லூரி கைமாறியது. அதே இயக்கத்தின் ஆலிவர் டாம்போ படித்த ஜோகன்னஸ்பர்க் புனித பீட்டர் பள்ளியை ஆங்கிலிக்கர்கள் ஒப்படைப்பதைவிட மூடிவிடலாம் என்று மூடினார்கள். அவர்கள் முடிவையும் நான் குறைசொல்ல மாட்டேன். அடிமைத்தனத்துக்கான பாடத்தை நடத்த எங்கள் கட்டடத்தைத் தரமாட்டோம் என்ற நிமிர்வு அதில் இருந்தது.

கத்தோலிக்க ஆயர்கள் அரசு வைத்த இரண்டாவது வழியை எடுத்தார்கள். மானியம் இல்லாமலே நடத்துவது. டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி இதற்கு முன்னின்றார். நாடு முழுவதும் பங்குகளில் நிதி திரட்டினார்கள். ஆனால் திரட்டிய நிதியைவிடப் பள்ளிகளைத் தாங்கியது வேறொன்று: சம்பளம் வாங்காத கன்னியரும் துறவியரும். குடும்பம் வைத்திருந்த மற்ற ஆசிரியர்கள் அரசுப் பள்ளியில் கிடைப்பதைவிடக் குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்தார்கள். பெற்றோர்கள் கட்டணம் கட்டினார்கள். மரியான்ஹில்லில் ஆசிரியர் பயிற்சி முடிவுக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளி நின்றது.

இந்த முடிவைப் பற்றி அன்றும் விமர்சனம் இருந்தது. மானியம் வாங்காவிட்டாலும் பாடத்திட்டம் அரசுடையதுதானே? பதிவு செய்யாமல் பள்ளி நடத்த முடியாதே? அப்படியென்றால் எதைக் காப்பாற்றினீர்கள்? நியாயமான கேள்வி. என் பதில் இது: ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் காப்பாற்றினார்கள். வேறு பள்ளி துரத்திய மாணவனைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையைக் காப்பாற்றினார்கள். கடைசி மணி அடித்த பிறகு வரும் மாலை நேரத்தைக் காப்பாற்றினார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம் கைமாறுவதும், விவாத மன்றம் கூடுவதும் அந்த நேரத்தில்தான். விடுதிப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1963-இல் லவ்டேல் பள்ளியில் ஒரு மாணவன் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அண்ணன் அரசியல் குற்றச்சாட்டில் கைதானான். தம்பியையும் போலீஸ் பிடித்து விசாரித்தது. விட்டுவிட்டார்கள். ஆனால் பள்ளி அவனை வெளியேற்றிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் வீட்டு வேலையும் சமையல் வேலையும் செய்து வளர்த்தவர். அடுத்த ஆண்டு, 1964-இல், மரியான்ஹில் அவனைச் சேர்த்துக்கொண்டது. பெயர் ஸ்டீவ் பிகோ, பின்னாளில் கறுப்பு விழிப்புணர்வு இயக்கத்தின் தலைவர்.

இரண்டு ஆண்டுகள் அங்கே படித்தார். கத்தோலிக்கர் அல்ல, ஆங்கிலிக்கர். இலக்கிய விவாத மன்றத்தில் முன்னணியில் இருந்தார். அல்ஜீரியாவின் பென் பெல்லாவும் கென்யாவின் ஒடிங்காவும் அப்போது அவருக்கு நாயகர்கள். மதத்தைப் பற்றியும் விடாமல் கேள்வி கேட்டார். ஏல்ரெட் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலிக்கன் அருட்தந்தைக்குக் கடிதம் எழுதி விவாதித்தார். பிகோ இறந்த பிறகு அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டவர் இந்த ஸ்டப்ஸ்தான். வெள்ளையர்கள் நிர்வகித்த பள்ளி, நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர்கள். நல்லெண்ணம் கொண்ட வெள்ளையர் கறுப்பனுக்காகப் பேசுவது போதாது, கறுப்பன் தானே பேச வேண்டும் என்று பின்னாளில் பிகோ சொன்னபோது, மரியான்ஹில்லில் பார்த்த நல்லவர்களும் அவர் மனத்தில் இருந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்தப் பள்ளிக்கு இது குறையென்று நான் கருதவில்லை. தன்னை நோக்கியே கேள்வி கேட்கும் மாணவனுக்கு அது இடம் கொடுத்திருந்தது.

1965-இல் நல்ல மதிப்பெண்களோடு தேறி, நேட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்துதான் சாசோ என்ற தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு உருவானது. பிகோவின் அகராதியில் கறுப்பர் என்பது ஆப்பிரிக்கரை மட்டும் குறிக்கவில்லை. இந்தியரையும் கலப்பினத்தவரையும் சேர்த்து, ஒடுக்கப்பட்ட எல்லோரையும் குறித்தது. டர்பன் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த இயக்கத்தில் பின்வரிசையில் அல்ல, முன்வரிசையில் நின்றார்கள். ஸ்ட்ரினி மூட்லி அவர்களில் ஒருவர். 'முதலி' என்ற நம் பட்டம் நேட்டால் அலுவலகப் பதிவேடுகளில் மூட்லி ஆகிவிட்டது.

1969-இல் மரியான்ஹில்லில் இறுதித் தேர்வு எழுதி வெளியேறிய இன்னொரு மாணவர் மோசியுவா லெகோட்டா. அதற்கு முன் அவர் படித்தது மரியாசெல் பள்ளியில். ஹஸ் தம் பிற்காலத்தில் உழைத்த மிஷன் அது. லெகோட்டாவும் சாசோவில் சேர்ந்தார்.

1974-இல், மொசாம்பிக் விடுதலையை ஆதரித்துப் பேரணி நடத்தியதற்காக சாசோ தலைவர்களை அரசு கைது செய்தது. பிரிட்டோரியாவில் நடந்த வழக்கில் கூண்டில் நின்ற ஒன்பது பேரில் லெகோட்டாவும் ஸ்ட்ரினி மூட்லியும் இருந்தார்கள். 1976 மே மாதத்தில் அவர்களுக்காகச் சாட்சி சொல்ல பிகோ வந்தார். பொது இடத்தில் பேச அவருக்குத் தடை இருந்தது. அவர் சொன்னதை எந்தப் பத்திரிகையும் மேற்கோள் காட்ட முடியாது. சாட்சிக் கூண்டில் மட்டும் தடை செல்லாது. அங்கே நான்கு நாட்களுக்கு மேல் அவர் பேசினார். கறுப்பு என்பது அசிங்கத்தையும் தீமையையும் குறிக்கும் சொல்லாயிற்றே, அதை ஏன் பெயராக வைத்துக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு நிதானமாக, ஒவ்வொரு படியாக விளக்கம் சொன்னார். நீதிபதியே இடையிடையே அவரோடு விவாதத்தில் இறங்கிவிட்டார். அந்தப் பதிவுகளைப் படிப்பவர்களுக்கு, விவாத மன்றத்தில் பழகிய ஒருவர் பேசுகிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்த மாதம், ஜூன் 16 அன்று, அரசின் கல்விக் கொள்கையை எதிர்த்துச் சொவெட்டோவின் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். பாண்டு கல்வியில் வளர்ந்த தலைமுறை அது. டிசம்பரில் ஒன்பது பேருக்கும் தண்டனை விதித்து ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். 1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் அடிபட்டு பிகோ இறந்தார், வயது முப்பது. லெகோட்டா 1982-இல் வெளியே வந்தார். மறுபடியும் சிறை, மறுபடியும் விடுதலை. இன ஒதுக்கல் ஆட்சி முடிந்தபோது, 1994-இல், ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தின் முதல்வரானார். 1999-இல் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானார்.

புனித பிரான்சிஸ் பள்ளி இன்றும் அதே இடத்தில், ஆண்களும் பெண்களும் படிக்கும் விடுதிப் பள்ளியாக நடக்கிறது.